மஞ்சள் பூத்துணி போட்ட தலையணை

பஞ்சு வேனின் முன்கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நேற்று மாலை அவளே தன் கையால் வைத்து, பெல்ட் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போன தலையணையைக் காணோம்.

தலையணைதானே, போனால் இன்னொன்று என்பவர்களுக்கு விஷயம் தெரியாது. அந்தத் தலையணைக்குள்ளே இன்னொரு தலையணை இருந்தது. பீங்கானில் செய்தது, பல நூறு வருஷப் பழசு. வெள்ளைப் பளபளப்பில் நீலக் கொடி ஓடும். தலை வைக்க நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். மியூசியத்தின் சொத்தும் அல்ல அது. கண்காட்சிக்காக ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து இரவல் வாங்கியது. இன்று மதியத்துக்குள் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்கு.

பஞ்சு அந்த மியூசியத்தின் தையல்காரி. பழைய பொருள் எதையும் வெறும் மேஜையில் வைக்கக் கூடாது; சட்டிக்கு ஒரு மெத்தை, சிலைக்கு ஒரு மெத்தை என்று அவள்தான் தைத்துக் கொடுப்பாள். எந்நேரமும் தலைமுடியில் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர் வந்தது. நிஜப் பெயர் சம்பளக் கணக்கு எழுதுபவருக்கு மட்டும்தான் ஞாபகம்.

நேற்றோடு முடிந்த கண்காட்சி முழுக்கத் தலையணைகள். மரத்தில் குடைந்த தலைக்கட்டை, கல்லைத் தேய்த்துக் குழி விட்டது, உமி அடைத்த மூட்டை, பணக்கார வீட்டு வாத்து இறகுத் தலையணை, இலவம் பஞ்சு, கடைசியில் ரப்பர் நுரை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கல்லையும் பீங்கானையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இதுல எப்படிங்க தூங்குனாங்க?" பஞ்சுவும் தினமும் சிரித்துக்கொண்டே, "தூக்கம் வந்திருக்கும், தூங்கியிருப்பாங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

உடையும் சாமானை அட்டைப்பெட்டியில் அனுப்ப அவளுக்கு மனசு வராது. பெட்டி என்றால் தூக்கிப் போடத் தோன்றும் என்பது அவள் கட்சி. இலவம் பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே கை விட்டுப் பள்ளம் பறித்து, பொருளை அதில் உட்கார வைத்து, சுற்றிலும் பஞ்சைத் திணித்து மறுபடி தைத்துவிடுவாள். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. நேற்றும் அப்படித்தான் செய்தாள். மேலுறைக்கு எப்போதும் போடும் வெள்ளைத் துணிதான் தீர்ந்துபோயிருந்தது. கைக்குக் கிடைத்தது மஞ்சள் பூ போட்ட ஒரு துணி. ஒரு ராத்திரிதானே என்று அதையே போட்டுத் தைத்துவிட்டாள். காலையில் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் பூத்துணி அவளுடைய அக்கா வீட்டுத் துணி. ஜன்னல் திரைக்கு வாங்கியதில் மிஞ்சியதை அக்கா கொண்டுவந்து கொடுத்து, "உன் மாமாவுக்குக் கழுத்துக்கு அடக்கமா ஒரு தலையணை தச்சுக் குடுடி, உனக்குப் புண்ணியமா போகும்" என்று சொல்லியிருந்தாள். பஞ்சுவும் இந்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தடித்துக்கொண்டே வந்தாள். மாமா என்றால் அக்கா புருஷன். மியூசியத்தின் வேனை ஓட்டுகிறவரும் அவர்தான். அந்த வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்ததும் பஞ்சுதான்.

இதெல்லாம் அவள் மண்டையில் கோர்வையாக வந்து சேர்ந்தபோது வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா தேடுறே? தலையணையா? அத டிரைவர் நேத்தே கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிட்டாரே. 'பாருய்யா, என் மச்சினி எனக்குன்னு தச்சு சீட்ல வச்சிருக்கா'ன்னு என்கிட்ட காட்டி ஒரே பெருமை."

பஞ்சுவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாமாவுக்குப் போன் போட்டாள், அணைத்து வைத்திருந்தது. அக்காவுக்குப் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. வழக்கமாகக் காலையில் முதல் ஆளாக வந்து வேனைத் துடைக்கிற மனுஷன் இன்னும் வரவும் இல்லை. உள்ளே மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடத்திடம் சொல்லலாம் என்று படி வரைக்கும் போனவள், முதலில் அது முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம் என்று திரும்பி, தெருமுனையில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. இந்தக் கூட்டத்தில்தானே மாமாவும் நேற்று அதைக் கொண்டுபோயிருப்பார்? மேல் கம்பித் தட்டில் வீசியிருப்பாரோ, யாராவது அதன்மேல் மூட்டையை வைத்திருப்பார்களோ, அலுப்பில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாரோ என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து உயிர் போய் உயிர் வந்தது. அது உடைந்தால் அவள் வேலை போகும், அவள் வாக்கை நம்பிச் சேர்த்த மாமாவின் வேலையும் போகும். மாமாவுக்குக் கிடைத்த முதல் பகல் வேலை அது. வாலிபம் முழுக்க ராத்திரி லாரி ஓட்டியவர். ராத்திரி முழித்து முழித்துக் கழுத்தும் பிடித்துக்கொண்டது, தூக்கமும் அவரை விட்டுப் போய்விட்டது. லாரியை விட்ட பிறகும் அது திரும்பி வரவில்லை. "ராத்திரியெல்லாம் கூடத்துல நடக்குறாருடி. இப்படித் தூங்காத ஆளு பகல்ல வண்டி ஓட்டினா என்ன ஆகும்? தினம் அவரு வீடு வந்து சேர்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இல்ல" என்று அக்கா புலம்பாத நாள் கிடையாது.

அக்கா வீடு மாடிக் குடியிருப்பில். பஞ்சு படியேறும்போதே மொட்டை மாடியிலிருந்து சத்தம் கேட்டது. தொம், தொம், தொம். கேட்டவுடனே புரிந்துவிட்டது. இன்று நல்ல வெயில். அக்கா தலையணைகளைக் காயப் போட்டுக் கம்பால் அடித்துத் தூசி தட்டுகிறாள்.

"அக்கா! அடிக்காத! அடிக்காதக்கா!" என்று கத்திக்கொண்டே இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். செருப்பு ஒன்று எங்கோ நின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது, கொடியில் தொங்கிய மஞ்சள் பூத்துணி மேல் கம்பு இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு அப்படியே பாய்ந்து கொடியோடு அதைக் கட்டிப்பிடித்தாள்.

அது மெத்தென்று உள்ளே போனது. வெறும் ஜன்னல் திரை.

"பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு?" அக்கா கம்பைக் கீழே போட்டாள். "திரைய எதுக்குடி கட்டிக்கிற? செருப்பு எங்க? மொதல்ல கத்தாத. கீழ அவரு தூங்குறாரு."

"மாமா கொண்டுவந்த தலையணை எங்கக்கா?"

"அவரு தலைக்கடியிலதான். எங்க இருக்கும்?"

பஞ்சு திரையைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்க விஷயம் முழுவதையும் சொன்னாள். பீங்கான் என்றதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதான் அவ்வளவு கனமா? பழைய துணியெல்லாம் போட்டு இறுக்கமா அடைச்சிருக்கான்னு நெனச்சேன். அவரும் 'பஞ்சு கைராசிக்காரி, கழுத்துக்குன்னு அளவெடுத்து வச்சிருக்கா'ன்னு சொல்லிக்கிட்டே படுத்தாரு. படுத்தவருதான்."

"வா, எடுத்துடலாம்."

அக்கா வழிவிடவில்லை. படியில் குறுக்கே நின்றுகொண்டாள். "பஞ்சு, அவரு இன்னும் எந்திரிக்கல. புரியுதா? ராத்திரி படுத்த மனுஷன். நான் பயந்துபோயி மூக்குல கை வச்சுப் பார்த்தேன். அப்புறம்தான் போன அணைச்சேன், தலையணையெல்லாம் இங்க தூக்கிட்டு வந்தேன். அவரு இப்படித் தூங்கி நான் பார்த்து எத்தனை காலமாச்சுன்னு உனக்குத் தெரியாது." பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எழுப்பிடாதடி."

பஞ்சு அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனால் டாக்டரின் நீலக்கொடி பீங்கான் கண்ணுக்குள் வந்து நின்றது. "எழுப்ப வேண்டாம். உருவிடலாம். நீ தலையத் தாங்கு, நான் எடுத்துட்டு வேற வைக்கிறேன்."

அறைக்குள் திருடிகளைப் போல் நுழைந்தார்கள். மாமா மல்லாக்கப் படுத்து, வாயைத் திறந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் எப்போதும் இருக்கும் கடுகடுப்பு எங்கே போனதோ தெரியவில்லை. பஞ்சு முட்டி போட்டு, தலையணையின் ஓரத்தில் மெதுவாகக் கையை விட்டாள். தன் தையலுக்குள் விரலை நுழைத்து, பஞ்சைத் துழாவி, பீங்கானைத் தடவிப் பார்த்தாள். குளிர்ந்த வழவழப்பு. இந்தப் பக்கம் விளிம்பு முழுசு. அந்தப் பக்கமும் முழுசு. அக்காவைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அக்கா தலையைத் தாங்க, பஞ்சு தலையணையைச் சற்றே இழுத்தாள். குறட்டை நின்றது. மாமா கண்ணைத் திறக்காமலே இரண்டு கையையும் மேலே கொண்டுபோய்த் தலையணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "எடுக்காதீங்க" என்று குழந்தை மாதிரி முனகினார். ஒரு நொடியில் மறுபடி குறட்டை.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இழுத்தால் விழித்துவிடுவார். விட்டால் டாக்டருக்குக் கொடுத்த வாக்கு போகும். பஞ்சு கூடத்துக்கு வந்து, மனசைத் திடப்படுத்திக்கொண்டு மேடத்துக்குப் போன் செய்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். வெள்ளைத் துணி தீர்ந்ததையும், மாமாவுக்குத் தலையணை தைக்காமல் ஏமாற்றிக்கொண்டிருந்ததையும்கூடச் சொன்னாள்.

"உடைஞ்சிருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார் மேடம்.

"இல்ல மேடம். தடவிப் பார்த்துட்டேன். ஆனா அதுமேல ஆளு தூங்குறாரு. எடுக்க முடியல."

"இரு" என்றார் மேடம். பிறகு யாருடனோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. டாக்டர் வேன் வரக் காத்திருந்து பார்த்து, தானே மியூசியத்துக்குக் கிளம்பி வந்துவிட்டாராம். பஞ்சு சுவரில் சாய்ந்துகொண்டு, இனி நடப்பது நடக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள். போனில் ஒரு வயசான குரல் வந்தது.

"நெசமா அதுல தூங்குறாரா?"

"ஆமாங்க. மன்னிச்சிடுங்க. தெரியாம..."

"நல்லாத் தூங்குறாரா?"

பஞ்சு போனை அறைப் பக்கமாக நீட்டினாள். மாமா நன்றாகவே பதில் சொன்னார். போனில் டாக்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

"எங்க தாத்தா காலத்துலேருந்து அத கண்ணாடி அலமாரில பூட்டித்தாம்மா வச்சிருக்கோம். சின்ன வயசுல ஒரு தடவ தலை வச்சுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு அப்பாகிட்ட அடி வாங்கினேன். எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும். அப்புறம் பத்திரமா கொண்டுவந்து குடு."

போனை வைத்த பிறகு பஞ்சு கொஞ்ச நேரம் வாய்விட்டு அழுதாள். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது; உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மாமா எழுந்து வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்ன, ரெண்டு பேரும் என்னை இப்படிப் பார்க்குறீங்க?" என்றார். சொன்னார்கள். கேட்டதும் மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கழுத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உடைந்தது எதுவும் இல்லை, வலியும் இல்லை. அன்று சாயங்காலம் அந்தத் தலையணையை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோன வேன் மாட்டுவண்டியைவிட மெதுவாகப் போனது. பஞ்சு அதை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார். அலமாரியில் வைத்தாரா, கட்டிலில் வைத்தாரா என்று அவர்கள் கேட்கவில்லை.

கொடுப்பதற்கு முன் பஞ்சு ஒரு வேலை செய்திருந்தாள். பீங்கானின் உயரத்தையும் நடுக்குழியையும் தன் சாணாலும் விரலாலும் அளந்துகொண்டு, மஞ்சள் உறையையும் கழற்றி வைத்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானமே தையல் அறையில் உட்கார்ந்து, உமியை இறுக்க இறுக்க அடைத்து, நடுவில் அதே பள்ளம் விட்டு, மஞ்சள் பூத்துணியைத் துவைத்து மேலே போட்டுத் தைத்தாள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

மாமா துணியைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது உடையுமா?"

"இது உடையாது மாமா. உங்களுக்குன்னு தச்சது. விழுந்து படுங்க."