ஜெயம்மா உரித்த எழுத்து

கலைச்செல்விக்கு வாய்த்தது லேசுப்பட்ட வேலையா? டிவி நாடகத்துக்கு டைட்டில் செய்யும் வேலை. கம்ப்யூட்டரில் தட்டினால் அரை நாளில் முடியும். இவள்தான் பழைய சினிமாக்காரர் மாதிரி ஒவ்வொரு படமாக எடுத்துக் கோப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாடகத்தின் டைரக்டர், மாவனல்லை நிலாம் நானா, "சரி, இன்னைக்கு ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. பிந்தினா கம்ப்யூட்டர்தான், உங்க பேரும் வராது" என்று சொல்லிவிட்டார். முதன்முதலாக டிவியில் வரப்போகிற பேர். விடுவாளா?

யட்டியாந்தோட்டைப் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் காம்பராவில், றப்பர் பாலை மருதாணிக் கூம்பில் ஊற்றி, கண்ணாடித் தட்டில் நாடகத்தின் பேரை, 'மலையடி' என்று கையெடுக்காமல் ஒரே இழையாக எழுதினாள். காய்ந்ததும் கடைசி எழுத்திலிருந்து ஊசியால் சுரண்ட வேண்டும். சுரண்டச் சுரண்ட, மேலே கட்டிய போனில் படம் எடுக்க வேண்டும். அதைப் பின்னாலிருந்து ஓட்டினால் எழுத்து தானாக முளைக்கும். அதுதான் திட்டம். பால் காய்ந்தது, அவள் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அந்த நேரம் பார்த்தா வர வேண்டும் பக்கத்துக் காம்பரா ஜெயம்மா? அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மழை, அன்றைக்கு வெட்டு இல்லை. மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலை உரித்துவிட்டுத்தான் தினமும் கத்தியையே எடுப்பாள். காய்ந்த பாலைக் கண்ட கை சும்மா இருக்குமா? நுனியைப் பிடித்து இழுத்தாள்.

கலைச்செல்வி வந்தபோது 'டி' ஜெயம்மாவின் விரலில் தொங்கியது. மிச்சப் பால் சட்டியில் உறைந்து கிடந்தது. இந்த மழையில் புதுப் பாலுக்கு எங்கே போவது? அழுகை முட்டியது.

"தெரியாமப் பண்ணிட்டேன் தங்கச்சி, கை தானாப் போயிருச்சு."

ஊசி செய்ய வேண்டியதைத்தானே இந்தக் கை செய்திருக்கிறது என்று அப்போதுதான் கலைச்செல்விக்கு உறைத்தது.

"அக்கா, அசையாதீங்க." ஒரு படம் எடுத்தாள். "இப்ப கொஞ்சம் இழுங்க. நில்லுங்க. இன்னும் கொஞ்சம்."

முதுகு விட்டுப் போகும்வரை ஜெயம்மா உரித்தாள். பின்னாலிருந்து ஓட்டிப் பார்த்தால், வெறுங்கண்ணாடியில் ஒரு கை பேரை எழுத்தெழுத்தாகப் படுக்க வைத்தது. கடைசி எழுத்தை மட்டும் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றது. ஆறுக்கு முன்னால் அனுப்பிவிட்டாள். "இப்படியே போடுவம்" என்றார் நிலாம் நானா.

நாடகம் வந்த அன்று லயமே ஜெயம்மா வீட்டு டிவிக்கு முன்னால். கையைக் கண்டதும் ஒரே சிரிப்பு. "அந்த எழுத்தையும் வச்சுத் தொலையேன் ஜெயம்மா" என்று ஆளாளுக்குக் கிண்டல். கீழே வந்த பேரை ஒருத்தரும் பார்க்கவில்லை. கலைச்செல்விக்குச் சப்பென்று போய்விட்டது.

ஜெயம்மா மட்டும் தன் கையைப் பார்க்கவே இல்லை. டிவிக்குக் கிட்டப் போய், எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். "டைட்டில்... கலைச்செல்வி."