லிஃப்ட்காரர் வீட்டு வல்லரசுகள்

உலகத்தில் வல்லரசு இரண்டுதான் என்பது லிஃப்ட் மெக்கானிக் வீட்டு முடிவு. ரொம்ப நாளாகக் கொடிகட்டிப் பறக்கும் நாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் பெரியப்பா. நேற்று முளைத்து மளமளவென்று வளர்ந்த நாடு சித்தப்பா. ஒரே மகளுக்குப் பாலம் கட்டும் படிப்பில் இலவச இடம் தர இரண்டுமே முன்வந்திருந்தன. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

தீர்ப்புச் சொல்லத் தன்னை விட்டால் ஆளில்லை என்று மெக்கானிக் நம்பினார். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு நாட்டிலிருந்தும் இங்கே வந்த லிஃப்டுகளுக்குக் குழியில் இறங்கி எண்ணெய் போட்டவர். ஒரு நாட்டின் யோக்கியதையை அதன் மோட்டாரைப் பிரித்தே சொல்லிவிடுவார்.

மச்சினன் மருந்துக்கடைக்காரன். கடைக்கு லீவு விட்டுவிட்டுக் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தான். "பெரியப்பா நாட்டுக்கே அனுப்புங்க மாமா. அங்க யார் வேணா என்ன வேணா பேசலாம்."

"பேசலாம். கேக்கத்தான் ஆளில்லை. லிஃப்டுக்கு ஒரு சர்க்யூட் போர்டு கேட்டு அவங்க கம்பெனிக்கு மூணு மாசம் ஃபோன் போட்டேன். உங்க அழைப்பு ரொம்ப முக்கியம்னு ஒரு பொண்ணு தேன் ஒழுகச் சொல்லிக்கிட்டே இருந்தா. போர்டு வரவேயில்லை."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்ப சித்தப்பா நாடுதாங்க. தூங்கி எழுந்தா புதுசா ஒரு ரோடு போட்டிருக்கான்."

"போடுவான். அப்புறம் அந்த ரோட்ல யார் போறா வர்றான்னு நின்னு பாத்துக்கிட்டே இருப்பான். அவன் லிஃப்ட்ல கேமரா இல்லாத மூலையே கிடையாது!"

யார் எதைப் புகழ்ந்தாலும் அதன்மேல் பாய்ந்தார். பாய்ந்ததை எல்லாம் சர்வீஸ் நோட்டில் எழுதியும் வைத்தார். நாலு மணிக்குள் பெரியப்பாவுக்கு ஒரு பக்கம், சித்தப்பாவுக்கு ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. மகள் அதை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"இதுல நல்லது ஒண்ணுகூட இல்லையேப்பா?"

"சர்வீஸ் நோட்டுல கோளாறைத்தாம்மா எழுதுவாங்க. நல்லா ஓடுறதை எவன் எழுதுவான்?"

"இதைப் பாத்தா நான் எங்கயுமே போகக்கூடாது போலிருக்கே."

மெக்கானிக்குக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டது மாதிரி இருந்தது. மச்சினனைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு வேறு வழியில்லாமல் மகளைப் பார்த்தார். வீட்டில் அவள் சத்தம் இல்லாத ஒரு நாளை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"போகாதேன்னு சொல்ல வாய் வரலைம்மா. அதான் நாட்டைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

மகளுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் முழங்கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்பா. ஆனா நான் போகணும்."

அவர் தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் பதிலை அனுப்பினாள். "சித்தப்பா நாடு. அங்க முதல் வருஷமே நிஜப் பாலத்து மேல ஏத்தி வேலை கத்துத் தர்றாங்க."

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "போயும் போயும் அங்கயா? வாயைத் திறந்தா உள்ள தூக்கிப் போட்டுடுவானே! நீங்களே சொன்னீங்களே மாமா, வேவு பாக்கிற பயலுகன்னு..."

மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டேய், என் பொண்ணு இருக்கப்போற நாடு அது. இன்னொரு வார்த்தை பேசினே, நடக்கறது வேற!"