ஆறு மாதம், ஆறு சட்டை

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அரசாங்கம் மாதம் ஒரு பெட்டி தருகிறது. கிராம அலுவலகம் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். உள்ளே முப்பது விரிப்புகள், புண்ணுக்குக் களிம்பு, கட்டுத்துணி, கையுறை. இவற்றில் விரிப்புதான் உயிர். அசையாமல் கிடக்கும் உடம்பில் எலும்பு துருத்தும் இடங்களிலெல்லாம் தோல் நசுங்குகிறது. அதோடு ஈரமும் சேர்ந்தால் தோல் ஊறி, இரண்டே நாளில் கிழிந்துவிடும். விரிப்பின் மேல் அடுக்கு ஈரத்தைக் கீழே விட்டுவிடும். நடு அடுக்கு அதைக் குடித்துக்கொண்டு திருப்பித் தராது. பழந்துணி அப்படியல்ல. குடித்ததை முதுகோடு சேர்த்தே பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த வித்தியாசத்தைத் தையல்காரி தன் கணவனின் முதுகில் கற்றுக்கொண்டாள். அவன் பெயிண்டர். மூன்றாவது மாடிச் சுவரில் வேலை செய்தபோது சாரம் சரிந்து விழுந்தவன், பிறகு இடுப்புக்குக் கீழே எதையும் அசைக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே தைத்ததால் அவள் எந்தத் துணியையும் சொன்ன நாளில் கொடுத்ததில்லை. ஊரில் அவளுக்கு 'அடுத்த வாரம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

பெட்டி போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி ஒரு படம். நோயாளி பெட்டியைப் பிடித்திருக்க, கிராம எழுத்தர் அலுவலகக் கைபேசியில் எடுத்து அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாத ஊர்களுக்காக அதில் ஒரு சலுகை உண்டு: படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம். எடுத்த நாள் பதிவாகாது, அனுப்பிய நாள்தான் பதிவாகும். படம் வந்த மாதம் மேலதிகாரியின் திரையில் பச்சையாகும். வராத மாதம் சிவப்பு. சிவப்புக்கு எழுத்தர் விளக்கம் எழுத வேண்டும். பச்சையை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜனவரியில் எழுத்தர் முதல் பெட்டியோடு வந்தார்.

"மாசா மாசம் இவரத் தூக்கி உக்கார வச்சா வலிக்குமில்ல? ஆறு மாசத்துக்கும் இன்னிக்கே எடுத்துருவோம். சட்டைய மட்டும் மாத்தி விடுங்கம்மா."

வலிக்கும் என்பது உண்மைதான். அந்த மனுஷனுக்கு இருக்கும் அக்கறையைப் பார் என்றுகூட அவள் நினைத்தாள். ஆறு சட்டைகளைத் தேடி எடுத்து இஸ்திரி போட்டாள்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இத்தன சட்ட மாத்தல," என்றான் கணவன். நான்காவது சட்டைக்குப் பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் பெட்டி வரவில்லை. "வண்டி வரலம்மா," என்றார் எழுத்தர். மார்ச்சில், "வந்தா நானா வச்சுக்கிட்டு இல்லேங்கப் போறேன்?" ஏப்ரலில் அவள் குரலை உயர்த்தியபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "சட்ட மாத்தி விட்டது யாரு? வெளிய தெரிஞ்சா லிஸ்ட்லருந்து உங்க வீட்டுக்காரர் பேரத்தான் மொதல்ல அடிப்பாங்க. பொறுமையா இருங்க."

அவள் பொறுத்தாள். தையலில் மிஞ்சிய வெட்டுத்துணிகளை அடுக்கி விரித்தாள், துவைத்தாள், மறுபடி விரித்தாள். புண் எலும்பு வரை போனது. மே மூன்றாம் தேதி காலையில் கணவன் இறந்தான். இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரும் அதே எழுத்தர்தான்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சுகாதார நிலைய நர்ஸ் எழுதிக் கொடுத்த குறிப்பில் ஒரு வரி இருந்தது: 'விரிப்பு முதலிய பொருட்கள் மாதந்தோறும் கிடைத்தும், பராமரிப்புக் குறைவால் புண்ணில் சீழ் பிடித்தது.' அந்த நர்ஸ் பொய் எழுதவில்லை. திரையைப் பார்த்து எழுதினாள். திரை பச்சையாக இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த நாத்தனார் அதை வாய்விட்டுப் படித்தாள்.

"எல்லாம் குடுத்திருக்காங்க. நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

கேட்டுவிட்டுப் போனவள் திரும்பவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் பெட்டி வரவில்லை என்று அரசாங்கத்தின் தாளில் ஏற வேண்டும். தையல்காரிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெட்டிகள் சரியாகப் போய்ச் சேர்ந்தனவா என்று ஆண்டுக்கு ஒருமுறை ஊரார் முன்னிலையில் பொது விசாரணை உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்பே பயனாளிகளின் படங்களைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும் என்பது விதி. ஜூலையில் பள்ளிக்கூடச் சுவரில் அவள் கணவன் ஆறு முறை உட்கார்ந்திருந்தான். கடைசி இரண்டுக்கும் கீழே மே இருபது, ஜூன் பதினெட்டு என்று தேதி.

விசாரணையன்று அவள் இறப்புச் சான்றிதழை நீட்டினாள். தணிக்கை அதிகாரியான பெண் சான்றிதழையும் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

"செத்தவர் எப்படிப் பெட்டி வாங்கினாரு?"

எழுத்தர் எழுந்தார். "மொபைல்ல பழைய படம் மாறிப் போயிருக்கும் மேடம்."

"மே, ஜூன் ரெண்டும் 'பெறவில்லை'. விளக்கம் கேட்டு லெட்டர் வரும்." அதிகாரி எழுதினாள்.

"மேடம், அவரு போனப்பறம் வராத பெட்டி எனக்கு எதுக்கு? உசிரோட இருந்தப்ப மூணு மாசம் வரல. அத எழுதுங்க."

"அந்த மூணு மாசமும் அவர் உயிரோட இருந்தாரு. படமும் இருக்கு. இத எப்படிம்மா பொய்யின்னு எழுதறது?"

"ஆறும் ஒரே நாள்ல எடுத்தது. நான்தான் சட்ட மாத்தி விட்டேன்." அவள் படங்களின் மூலையைக் காட்டினாள். "மிஷின் மேல தொங்குற சட்டையப் பாருங்க. ஒரு கைதான் வச்சிருக்கேன். ஆறு படத்துலயும் அதே. ஆறு மாசமா இன்னொரு கைய வைக்காமலா இருந்தேன்?"

"நீதானே? இருந்திருப்ப!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடமே சிரித்தது. அவளுக்கே ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது.

"யார் சட்ட அது?" என்று கேட்டாள் அதிகாரி.

அது டீக்கடைக்காரருடையது. அன்று அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பழுப்பில் வெள்ளைக் கோடு. அவருடைய மகள் முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு எழவில்லை. புதிய பயனாளிகள் பட்டியலில் அவள் பெயர் ஏறி, எழுத்தரின் முத்திரைக்காகக் காத்திருந்தது. எழுத்தர் அவரைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பட்டியலை மட்டும் மெதுவாகப் புரட்டினார்.

"எப்ப வாங்கினீங்க?" என்றாள் அதிகாரி.

"ஞாபகம் இல்ல மேடம்." டீக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "இந்தம்மா எப்பவும் லேட்டாத்தான் குடுக்கும்."

"அண்ணே, படம் எடுத்த நாலாம் நாளே வாங்கிட்டுப் போனீங்களேண்ணே. காலரப் பாருங்க மேடம். கழுத்து படுற மடிப்புல நூல் பிரிஞ்சிருக்கு. அது தேய ஆறு மாசமாவது உடுத்தித் துவைக்கணும். ஜூன்ல குடுத்திருந்தா ஒரு மாசத்துல இப்படித் தேயாது."

அதிகாரி எட்டிப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டே கட்டங்கள்: 'பெற்றார்', 'பெறவில்லை'.

"தேஞ்ச காலர நான் எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?" கேலியாகக் கேட்கவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டாள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்றுக்கும் 'பெற்றார்' என்று குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து டீக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் அதே பழுப்புச் சட்டை.

"காலரத் திருப்பி வச்சுத் தரணும்மா."

தேய்ந்த காலரைப் பிரித்தெடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தால் சட்டை இன்னும் ஓராண்டு ஓடும். தேய்ந்தது உள்ளேதான் இருக்கும். யார் கண்ணுக்கும் படாது. அவள் சட்டையை வாங்கிப் பிளேடால் முதல் தையலை அறுத்தாள்.

"பெட்டி வந்துச்சாண்ணே?"

"நேத்து வந்துச்சு."

"பாப்பாவுக்கு எத்தன சட்ட மாத்துனீங்க?"

அவர் மிஷினைப் பார்த்தபடி சொன்னார்.

"பன்னெண்டு."

அவள் நூலை இழுத்தாள். காலர் கழன்று வந்தது.

"அடுத்த மாசம் பெட்டி வராதுண்ணே. விரிப்ப சிக்கனமா வச்சுக்கோங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைங்க, ராத்திரியும்தான். இடுப்பு, குதிகால் ரெண்டும் செவக்குதான்னு தெனம் பாருங்க." கையிலிருந்த காலரை மடியில் வைத்துக்கொண்டு முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "துணி மட்டும் போடாதீங்க. துணி ஈரத்த விடாது."