கூலிங் கிளாஸ் மாப்பிள்ளை

நிச்சயதார்த்தத்துக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். எனக்கென்று பேசி முடித்த மாப்பிள்ளை, ஆஷ்லி. தொண்ணூற்றாறு, மழைக்காலம், பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கூடம்.

பெண் பார்க்க வந்த அன்றே அவன் வாயைத் திறக்கவில்லை. கேக்கைத் தின்றான், தரையைப் பார்த்தான், போய்விட்டான். அவன் அம்மாவின் நச்சரிப்புக்காக வந்தவனோ என்று எனக்கு ஒரே உறுத்தல். வேண்டாவெறுப்பாகக் கட்டுகிறவனோடு குடும்பம் நடத்த எனக்கென்ன தலையெழுத்தா? மோதிரம் மாற்றும்போது அவன் கண்ணைப் பார்ப்பது, விருப்பமில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். துரை என்னடாவென்றால் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்கிறார்!

ஃபாதர் ஜெபத்தை முடித்தார். பக்கவாட்டில் எட்டிப் பார்த்த அல்போன்சா அத்தை அலறினாள்.

"ஐயோ, கண்ணு செவசெவன்னு இருக்கு! மெட்ராஸ் ஐ! யாரும் அவரப் பாக்காதீங்க!"

ஊரெல்லாம் அந்தக் கண்நோய் பரவியிருந்த சமயம். கூடமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. சித்தப்பா மகன் நோயல் என்னிடம் கைக்குட்டையை நீட்டினான்.

"கண்ணக் கட்டிக்கோ லீனா. கைய மட்டும் நீட்டு, அவரு போட்ருவாரு."

"போடா! கண்ணாமூச்சியா ஆடறோம்?"

நேரே போய்க் கண்ணாடியைக் கழற்றினேன். இமையெல்லாம் வீங்கி, கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பார்க்கும்போதே நீர் பொலபொலவென்று கொட்டியது. அழுகிறான்!

"இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிருங்க" என்றேன்.

அவன் அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, இல்லம்மா! உன்னப் பாத்த அன்னிலருந்து இப்படித்தான், சந்தோஷத்துல அழறான். மோதிரம் வாங்கப் போனா கடையில அழறான், கோட்டு தைக்கக் குடுத்தா டெய்லர்கிட்ட அழறான். மானம் போகுதேன்னு நான்தான் கண்ணாடிய மாட்டிவிட்டேன்."

"அன்னிக்கும் பேசினா அழுதுருவேன்னுதான் பேசல" என்றான் ஆஷ்லி. அவன் குரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

சுவரைப் பார்த்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிச் சிரித்தார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. கையை நீட்டினேன். அவன் மோதிரத்தை நடுவிரலில் திணித்தான்.

"அந்த விரல் இல்லப்பா" என்று ஃபாதர் குனிந்தார்.

"இருக்கட்டும், விடுங்க ஃபாதர்" என்றேன். எனக்கும் கண்ணீர் மறைக்க, அவன் விரல் எங்கே இருக்கிறதென்று நானும் தடவிக்கொண்டிருந்தேன்.