ரோட்டை நிறுத்திய கை

எங்கள் கடைவீதி ரோடு தினமும் ஒரு லாரி அகலம் கூடுகிறது. ஆனி மாதத்தில் இது தொடங்கியது. முதலில் கடைக்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

ரோடு கூடக்கூட வண்டிகளும் கூடின. இடைவெளி என்று ஒன்று இல்லாமல் போனது. காலையில் கடையைத் திறந்ததும் கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அப்படி ஒரு ரோட்டை எங்கள் பரம்பரையில் யாரும் பார்த்ததில்லை. பிறகுதான் ஊதுபத்தி கொளுத்துவேன்.

என்னுடையது புண்ணாக்குக் கடை. லோடு வண்டி நிற்க வழியில்லை. ஓடுகிற லாரியிலிருந்தே மூட்டையை எறிவார்கள். நல்ல டிரைவர் என்றால் சரியாக வாசலில் வந்து விழும். ஒரு டிரைவர் மட்டும் கூச்ச சுபாவம். அவருக்கு எறிய மனசு வரவில்லை. என் பதினாறு மூட்டைப் பருத்திக்கொட்டையோடு ஆடியிலிருந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார். கடையைத் தாண்டும்போது கும்பிடுவார். நானும் கும்பிடுவேன்.

என் மனைவி மயிலாத்தாள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க எதிர்ப்பக்கம் போனாள். அன்றைக்கு ரோடு நாற்பது அடிதான். வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கடக்க முடியாமல் போய்விட்டது. தையல் கடை வாசலில் பையோடு நின்றாள். ரோடு அகல அகல நாளுக்கு நாள் சின்னதானாள். ஆவணியில் கட்டைவிரல் அளவு இருந்தாள். புரட்டாசியில் கடுகானாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நகராட்சிக்குப் போனேன். பாதசாரிப் பிரிவு நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க நடைக்கூடம் நீண்டது. இரண்டு நாள் நடந்தேன். வழியில் டீ கிடைத்தது. கடைசி மேஜையில் செங்கோட்டுவேலு என்ற அலுவலர் இருந்தார்.

நான் பாதசாரிதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டார். கால் இருக்கிறது என்றேன்.

“காலு காருக்காரனுக்குந்தான் இருக்குது,” என்றார்.

மனைவி எதிர்ப்பக்கம் நிற்பதைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டு, அது போதும் என்றார்.

பிறகு விளக்கினார். நம் ஊரில் சிக்னலையும் வெள்ளைக்கோட்டையும் யாரும் மதிப்பதில்லை. கை காட்டினால்தான் வண்டி நிற்கும். இந்த அளவு ரோட்டுக்கு ஒருவர் நடுவில் நின்று காட்டியாக வேண்டும்.

படிவத்தில் எந்தக் கை என்று கேட்டிருந்தது. வலது என்று எழுதினேன். அவ்வளவு பெரிய பஸ்களுக்கு இடது கையைக் காட்டுவது மரியாதையில்லை. எனக்கு முன்னால் ஒருவர் இடது என்று எழுதினாராம். ஒரு வண்டியும் நிற்கவில்லை. அவர் இப்போது அந்த பஸ்களில் ஒன்றில் கண்டக்டர்.

“கையை எறக்கக் கூடாதுங்க. எறக்கினா ரோடு ஓடிரும்.”

“எம் பொண்டாட்டி வர்ற வரைக்குந்தானுங்களே?”

அவர் படிவத்தில் சீல் வைத்தார்.

மறுநாள் காலை என்னையும் ஒரு மூட்டையாக லாரியில் ஏற்றி ரோட்டின் நடுவில் எறிந்தார்கள். எனக்கு முன்னால் எறிந்த தவிட்டு மூட்டை மேல் விழுந்ததால் அடி படவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினேன். வலது கையைத் தூக்கினேன்.

ரோடு நின்றது.

அடிவானத்திலிருந்து அடிவானம் வரை நின்றது. முதலில் ஹாரன் அடங்கியது. பிறகு இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு காக்கா கரைவது கேட்டது. எங்கோ ஒரு வீட்டில் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தார்கள். அதுவும் கேட்டது. ஒரு பஸ் டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் கைதானா என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

ஜனங்கள் கடந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பிய பிள்ளைகளுக்கு மீசை முளைத்திருந்தது. ஒரு கல்யாண வீட்டார் சீர்வரிசைத் தட்டோடு போனார்கள். கூச்ச டிரைவர் வந்தார். இடது கையால் என் கடையைக் காட்டினேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, பதினாறு மூட்டையையும் ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி இறக்கினார். அழுதார். அதன்பின் இடது கை லோடு வண்டிகளுக்கு என்றாகிவிட்டது.

மயிலாத்தாள் வந்தாள். கடுகாகக் கிளம்பினாள். நடக்க நடக்கப் பெரிதானாள். உச்சி வெயிலில் என் முன்னால் முழுசாக நின்றாள்.

“கையை எறக்குங்க. ஊட்டுக்குப் போலாம்.”

“எறக்கினா ஓடிருமாம் மயிலா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஊர் பாதிதான் வந்திருந்தது. ஒரு கர்ப்பிணி ரோட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“சாப்புட்டீங்களா?”

“எந்தக் கையில சாப்புடறது?”

அவள் வீட்டுப் பக்கம் போனாள். போகப் போகக் கட்டைவிரலானாள், கடுகானாள். அந்த நிசப்தத்தில் எங்கள் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் இங்கே வரை கேட்டது. நல்லபடியாக வீடு சேர்ந்தாள் என்று நினைத்தேன். அதற்குத்தானே வந்தேன். ஆனாலும் அழுகை வந்தது. துடைக்கக் கையில்லை.

மறுபடி கதவு திறந்தது. கடுகு ஒன்று புறப்பட்டது. ஆயிரம் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் முன்னால் சோற்றுத் தூக்குப்போசியோடு நடந்து வந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ரோடு என்றால் நாலு தடவை பார்க்கிறவள். இன்றைக்கு வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.