கை காட்டி விட்டவர்

"கெட்டவங்க நம்மளை நல்லவங்கன்னு சொன்னா, நாம நல்லவங்களா, கெட்டவங்களாம்மா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். சக்கர நாற்காலி இருக்கைக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, "முதல்ல வீட்டுப்பாடத்தை முடி" என்று சொல்லிச் சமாளித்துவிட்டாள். அதே கேள்வி கடையின் இணையதளம் வழியாகத் தன்னைத் தேடி வரும் என்று அவள் நினைக்கவில்லை.

சக்கர நாற்காலிகளைப் பழுது பார்ப்பவர் அவள் கணவர். ஸ்பேனரை எடுத்தால் வாய் திறக்க மாட்டார். போனும் இணையதளமும் அவள் பொறுப்பு. இணையத்தில் யார் தேடினாலும் முதல் வரிசையில் வந்த கடை, திடீரென்று எத்தனை பக்கம் தள்ளினாலும் கண்ணில் படவில்லை. போன் ஊமையாகிவிட்டது.

"இப்படியே போனா கடையைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார் கணவர். அவரே வாய்விட்டுச் சொன்னதும், அவள் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள்.

தேடுதளத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. உங்கள் தளத்துக்கு முறையற்ற இணைப்புகள் வருகின்றன, அதனால் பின்னுக்குத் தள்ளியிருக்கிறோம் என்றது. திறந்து பார்த்தால், சூதாட்டத் தளங்களும் போலி மருந்துத் தளங்களும் போட்டி போட்டுக்கொண்டு இவர்கள் கடைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தன.

கொழுந்தன் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். "அண்ணி, திட்டாம கேளுங்க. நிறைய தளம் நம்மளைக் காட்டினா மேல போகலாம்னு ஒருத்தன் சொன்னான். உங்க கல்யாண நாளுக்குப் பரிசா இருக்கட்டுமேன்னு அவனுக்குக் காசு கொடுத்துட்டேன்..."

"ஒரு பூங்கொத்து வாங்கியிருந்தா வாடி முடிஞ்சிருக்கும். இது வாடவே மாட்டேங்குதேப்பா."

நாற்காலிக்கு அடியிலிருந்து கணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. பாசத்தில் செய்த தப்பு. திட்டினால் அதில் ஒரு இணைப்பாவது அறுந்துவிடுமா? அவனுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டாள்.

ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி, இணைப்பை எடுத்துவிடும்படி கேட்டார்கள். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. அப்படிப்பட்டவர்களைப் பட்டியலாக எழுதி, 'இவர்கள் காட்டுவதை எங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று தேடுதளத்துக்கு அனுப்ப வேண்டும். கொழுந்தன் ஒரே மூச்சில் எழுதி முடித்தான்.

"சந்தேகமா இருந்ததெல்லாம் உள்ள தள்ளிட்டேன். அனுப்பிடலாமா அண்ணி?"

"இரு. ஒவ்வொண்ணா திறந்து பாத்துடலாம்."

"எல்லாமே குப்பை அண்ணி."

"குப்பையைக் கொட்டுறதுக்கு முன்னாடிதான் கிளறிப் பாக்கணும். காணாம போன மோதிரம் அதுலதான் கிடக்கும்."

பாதிக்கு மேல் வந்தபோது, கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள் கண்ணைக் குத்தும் பக்கம் ஒன்று திறந்தது. அதிலிருந்த பாதி இணைப்புகள் சூதாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போயின.

"இதைப் பாருங்க, இதுவும் அந்தக் கூட்டம்தான்" என்றான் கொழுந்தன்.

அவள் விடாமல் மேலிருந்து படித்தாள். 'நடக்க முடியாத என் மகனைத் தள்ளிக்கொண்டு அலைந்தபோது, தகப்பனான எனக்கு உதவிய இடங்கள்' என்று எழுதியிருந்தது. நடுவில் இவர்கள் கடையும் இருந்தது. 'வாசலில் படி கிடையாது. போனில் பேசும் அம்மா பொறுமையானவர்.' எழுதிய தேதி, கடை திறந்த வருடத்தைக் காட்டியது.

கடை திறந்த புதிதில், ஆள் வராத அந்த நாட்களில் போன் செய்தவர்கள், "ஏதோ ஒரு பக்கத்துல பார்த்தோம்" என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. யார் பக்கம் என்று அவளும் விசாரித்ததில்லை. பெயர்கூடப் போடாத ஒரு தகப்பன்தான் அவர்களை அனுப்பி வைத்திருக்கிறார். அவர் கை காட்டிய கடைகளில் சில மூடிப்போக, காலாவதியான அவர்களுடைய இணைய முகவரிகளைச் சூதாட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அது அவருக்கே தெரிந்திருக்காது.

'கடவுளே, இவரையா தள்ளிவிடப் பார்த்தோம்' என்று ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். பிறகு பட்டியலிலிருந்து அந்த ஒரு வரியை அழித்தாள். மற்றவற்றை, நடந்ததை ஒளிக்காமல் எழுதிய விளக்கத்தோடு அனுப்பினார்கள்.

சில வாரங்களில் எச்சரிக்கை நீங்கியது. முதல் இடம் கிடைக்கவில்லை, மூன்றாவதுதான். ஆனாலும் போன் அடிக்கத் தொடங்கியது. கணவர் வேலை செய்தபடியே சீட்டியடித்தார்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. அவள் மஞ்சள் எழுத்துப் பக்கத்தைத் திறந்து, சூதாட்டத்துக்கு இழுத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகக் குறித்தாள். இடம் மாறியிருந்த கடைகளுக்குப் போன் போட்டுப் புது முகவரி கேட்டாள். மூடிய கடைகளுக்குப் பதிலாக, அதே வேலையை நேர்மையாகச் செய்யும் ஆட்களை விசாரித்தாள். எதை எடுக்க வேண்டும், எதைச் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தகப்பன் குழம்பாதபடி அவருக்குத் தெளிவாக எழுதினாள்.

அந்தப் பக்கத்தின் அடியில், செய்தி அனுப்பும் இடத்தில் பெயர் கேட்டது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, அனுப்பினாள்.