வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு

எரிகிற அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள் சவுரியம்மாள். மேலே பானையில் கேழ்வரகுக் கூழ் பாதி வெந்து நின்றது. உள்ளே பாயில் அவள் புருஷன் ஆரோக்கியசாமி செத்துக் கிடந்தான். மார்ச்சளிக் காய்ச்சல். விடியற்காலையில் மகள் கொடுத்த வெந்நீரை ஒரு மிடறு குடித்தான், அவ்வளவுதான். சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடிகிற வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. அணைந்த விறகின் புகை கண்ணில் ஏறியது. அதற்கும் அவனையேதான் திட்டினாள்.

"கூழு வேவுற வரைக்கும் பொறுக்க முடியல உனக்கு! இதையும் குடிக்காமயே போய்ட்டியே, பாவி மனுஷா!"

மகள் பூவம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"செத்தவர வையாதம்மா. தெருவே கேக்குது."

"கேக்கட்டும். உயிரோட இருந்தப்ப மட்டும் கேக்காமயா இருந்துச்சு?"

அது நிஜம். அந்த வீட்டில் சண்டை என்றால் சோற்றுச் சண்டைதான். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், வேறொருத்தி வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். எல்லாக் கெட்ட புத்தியையும் சேர்த்து வைத்து ஆண்டவன் அவன் நாக்கில் எழுதிவிட்டான். ஆம்பூர்த் தோல் மண்டிக்கு ஆவாரம்பட்டை வாங்கி வண்டியேற்றி வருவது அவன் வேலை. தோல் பதப்படுத்தப் பட்டை வேண்டும், பட்டைக்கு ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். சுற்றின ஊரிலெல்லாம் அவன் பட்டையைப் பார்த்தானோ இல்லையோ, சோற்றுக் கடையைப் பார்த்துவிடுவான். திருப்பத்தூர்ச் சந்தையில் களியும் கருவாட்டுக் குழம்பும். வாணியம்பாடியில் விடிகாலை ஆட்டுக்கால் பாயா. குப்பம் ரோட்டில் ஒரு தெலுங்குக்காரி புளிச்சக்கீரையும் பருப்பும் கடைந்து போடுவாளாம், அதற்காக வண்டியையே சுற்று வழியில் ஓட்டுவானாம்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு காபி கிளப்பு. இவனை உள்ளே விடவில்லை. பின்பக்கம் சாக்கடையோரம் நிற்க வைத்துக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். வீட்டுக்கு வந்து அதையும் வாய் கூசாமல் சொன்னான்.

"ஊத்துனவன் புத்தி நாத்த புத்தி. காபி ஃபஸ்ட் கிளாஸு."

"வெக்கமா இல்ல? அதக் குடிச்சிட்டு வேற வந்து சொல்ற?"

"எனக்கு எதுக்கு வெக்கம்? உள்ள உக்கார வெக்காதவன் இல்ல வெக்கப்படணும்!"

இதெல்லாம்கூடப் போகட்டும். ஊர்க் கடையெல்லாம் தின்றுவிட்டு வந்து இவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பான் பாருங்கள், அங்கேதான் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முக்கியமாக ரயிலடிக்குப் போகிற வழியில் இருந்த வாஹித் பாஷா கடை. பாய் கடைக் கத்திரிக்காய் அப்படி, பாய் கடைச் சோறு இப்படி. ஒரு தடவை இலையில் கட்டி வாங்கிவந்து, தின்னு பார் என்றான். அவன் கண்ணெதிரிலேயே அதைத் தெரு நாய்க்குப் போட்டாள். கடைச் சோறு தன் வாசல்படி தாண்டக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவள்தான், அதற்கப்புறம் தாண்டவில்லை.

வீட்டுக்குள் ஜனம் சேர்ந்தது. உபதேசியார் வந்து செபம் சொன்னார். பூவம்மாளின் மாமியார் சௌந்தரம் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, வந்தவர் போனவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழ வந்தவளாகத் தெரியவில்லை.

"அடக்கம் முடிஞ்சி வர்றவங்களுக்கு சோறு யார் ஊட்லருந்து வருது?" என்று கேட்டாள்.

அதுதான் விஷயம். அந்தத் தெருவில் சாவுக்கு அடுத்த முதல் சோறு, தாலியறுத்தவளின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். கல்லறைக்குப் போனவர்கள் கைகால் கழுவிக்கொண்டு அதில் ஒரு வாயாவது தின்னாமல் கலையக் கூடாது. சோறு வராத வீட்டை நாதியத்த வீடு என்பார்கள். அந்த ஒரு வார்த்தை போதும், சௌந்தரம் அதை வைத்தே பூவம்மாளைக் காலத்துக்கும் குத்தி எடுத்துவிடுவாள். சவுரியம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது ஒரே தம்பி, லாசர். அவன் இந்த வீட்டோடு பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உச்சிப் பொழுதில் லாசர் வந்தான். உள்ளே வரவில்லை. தெருவிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மண்டியில் சுண்ணாம்புக் குழி மேஸ்திரி அவன். நின்ற நிற்பும் ஆளை மிரட்டுகிற நிற்பு. சவுரியம்மாள் எழுந்து போனாள்.

"உள்ள வாடா லாசரு."

"மாமாவத் தூக்கறதுக்கு வந்தேன். தூக்கிட்டுப் போய்டுவேன்."

"சோறு?"

"எந்தச் சோறு? நம்ம ஊட்டுச் சோறுதான் அவருக்கு ஆவாதே! எம் பொண்ணு கல்யாணப் பந்தியில, மாப்ள ஊட்டுக்காரங்க எதிர்ல இன்னா சொன்னாரு? 'இது பிரியாணியா, நோவாளிக்குக் காய்ச்சுன கஞ்சியா?' அவங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் எங்காதுல கேக்குது."

"சொன்னவன் செத்துட்டான்டா."

"நான் சாவலியே!" லாசரின் குரல் ஏறியது. "கடை கடையாப் பூந்து தின்னாரு இல்ல? வெள்ளிக்கெழமன்னுகூடப் பாக்காம பாய் கடையில கறி தின்னாரு இல்ல? அந்தக் கடக்காரங்கிட்டயே போய்க் கேளு. அவந்தான் அவருக்கு ஒறமொற."

வெள்ளிக்கிழமை கறி தின்பது அவர்கள் கோயிலில் பாவம். சாமியாரிடம் முழங்காலிட்டுச் சொல்ல வேண்டிய பாவம். பிணத்தை வைத்துக்கொண்டு தெருவில் கத்தினான் தம்பி. சௌந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சவுரியம்மாள் தம்பியை அறைந்திருப்பாள், ஆனால் அவன் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்ல அவளுக்கே தைரியம் இல்லை. அந்த நாக்கு எதைத்தான் விட்டுவைத்தது?

வெயில் தாழ்ந்ததும் துக்க மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். முன்பக்கம் லாசரும் தோள் கொடுத்தான். பெண்கள் தெருமுனை வரை போய் மார்பில் அடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் வீட்டுக்குத் திரும்ப, சவுரியம்மாள் மட்டும் ரயிலடிப் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போற?" பூவம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "நைனா இன்னும் குழியில எறங்கல. இந்தக் கோலத்துல கடத்தெருவுக்குப் போனா காறித் துப்புவாங்க!"

"உங்க மாமன் வழி காட்டிட்டான்டி. போறேன். நீ போய் வாசலக் கூட்டி வை."

வாஹித் பாஷா கடையில் இரண்டு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர். பின்னால் சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்படி. மண்டி ஆட்கள் நாலைந்து பேர் தின்றுகொண்டிருந்தார்கள். தலைவிரி கோலமாக ஒரு பொம்பளை வந்து நின்றதும் அவர்கள் கை நின்றுவிட்டது.

"ஆரோக்கியசாமி பொண்டாட்டி நானு. அவரு போய்ட்டாரு. கல்லறைக்குப் போனவங்களுக்குப் பிரியாணி வேணும்."

வாஹித் பாஷா "யா அல்லா" என்று எழுந்தார். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்து வந்தது.

"யாரு? அந்தக் கத்திரிக்காக்காரியா? பின்பக்கமா வரச் சொல்லு!"

பின்கட்டில் முக்காடு போட்டபடி கையில் கரண்டியோடு நின்றாள் ஹலீமா பீ, பாஷாவின் மனைவி. சவுரியம்மாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதானா அது?"

"எது?"

"'எங்க ஊட்ல கத்திரிக்காய எண்ணெயில வதக்கிட்டுத்தான் புளி ஊத்துவா, இவங்க இன்னா பச்சையா வேவ வெக்கிறாங்க'ன்னு திரைக்கு அந்தாண்ட உக்காந்து கத்துவாரு உம் புருஷன். எங்க ஊட்ல அப்பிடி, எங்க ஊட்ல இப்பிடி! அவரு மொகத்த நான் பாத்ததே இல்ல. கொரலு கேட்டாலே வயிறு எரியும். யாருடி அந்த மகாராணி, ஒரு நாள் பாத்துடணும்னு இருந்தேன்."

சவுரியம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"எங் கத்திரிக்காயவா சொன்னாரு? எங்கிட்ட இன்னா சொல்வாரு தெரியுமா? 'பாய் கடையில எள்ளு அரைச்சு ஊத்துறாங்க, உனக்குத்தான் துப்பு இல்ல'ன்னு தட்டத் தள்ளுவாரு!"

"எங்கிட்ட எள்ளு கம்மின்னாரே!"

"எங்கிட்ட ஒரு நாளும் நல்லா இருக்குன்னு சொன்னதில்ல!"

"எங்கிட்ட மட்டும் சொன்னாரா?"

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷம் இவளைச் சொல்லி அவள் வயிற்றெரிச்சலையும், அவளைச் சொல்லி இவள் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டு நடுவிலே உட்கார்ந்து தின்றிருக்கிறான் மனுஷன். இப்போது கையைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டான். யாரைக் கேட்பது?

"சரி, பிரியாணி குடு. நேரமாவுது."

"இன்னிக்கி இன்னா கெழம?"

சவுரியம்மாள் விரலை மடக்கி எண்ணினாள். வெள்ளிக்கிழமை. சாவு வந்த அவசரத்தில், தம்பி மேல் வந்த ஆத்திரத்தில், கிழமையே மறந்து போயிருந்தது. கறிச் சோற்றைக் கொண்டுபோய் வைத்திருந்தால் உபதேசியார் இலையை மூடிவிட்டு எழுந்திருப்பார். சௌந்தரத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

"உங்க ஜனம் வெள்ளிக்கெழம கறி தொடாது," என்றாள் ஹலீமா பீ. "உனக்கு மறந்து போச்சு. உம் புருஷன் ஒரு வாரங்கூட மறக்கல. அவரு ஒருத்தருக்காகக் கறி போடாம, தனியா ஒரு தேக்சா வெச்சி நெய்ச்சோறு ஆக்கணும் நானு. பேஜாரு புடிச்ச மனுஷன். அதுலயும் கொற சொல்வாரு."

தம்பி கத்தினது பொய். சவுரியம்மாள் புருஷனைச் சந்தேகப்பட்டதும் தப்பு. நடுமுதுகில் யாரோ தட்டினாற்போல அவள் அங்கேயே ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். ஹலீமா பீ பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றி நெய்யை ஊற்றினாள்.

சவுரியம்மாள் தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெங்காயம் இன்னும் செவக்கணும்."

"என் அடுப்பாண்ட ஒக்காந்துக்கினு எங்கையப் புடிக்காத."

"கத்திரிக்காயப் பெரிசா அரியற."

"உம் புருஷன் நாக்க உங்கிட்ட குடுத்துட்டுத்தான் போயிருக்காரு!"

சவுரியம்மாள் எழுந்துபோய் எள்ளை எடுத்து அம்மியில் கொட்டினாள். ஹலீமா பீ தடுக்கவில்லை. நாலு இழுப்பு அரைத்திருப்பாள், அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து ஒப்பாரிக்கும் செபத்துக்கும் வராத அழுகை. இருபது வருஷமாக அந்தாள் தன் சமையலை ஊர் நடுவில் கடை போட்டு விற்காத குறையாகப் பேசியிருக்கிறான், தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே செத்தும் போனான். குழவியை நிறுத்தாமல் அழுதாள்.

ஹலீமா பீ அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "அழுவறதுன்னா தள்ளி ஒக்காந்து அழு," என்றாள். "அரைப்புல உழப் போவுது."

கைவண்டியில் தேக்சாக்களை ஏற்றி வாஹித் பாஷாவே தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் சவுரியம்மாள் தானே இறக்கி, தானே படி தாண்டி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நெய் வாசம் வீடெல்லாம் நிறைந்தது. கல்லறைக்குப் போனவர்கள் வந்து கைகால் கழுவினார்கள். வாசலில் இலை போட்டாகிவிட்டது.

சௌந்தரம் தேக்சாவைப் பார்த்தாள், சவுரியம்மாளைப் பார்த்தாள். "இது யார் ஊட்டுச் சோறு?"

"எந் தம்பி சொல்லி வந்த சோறு," என்றாள் சவுரியம்மாள், தெருவுக்கே கேட்கும்படி. "வெள்ளிக்கெழம ஆச்சே, கறி போடாம ஆக்கியிருக்கு. அவரு வெள்ளிக்கெழம தின்னதும் இதான். பாய் நிக்கறாரு பாரு, கேட்டுக்க."

கைவண்டியோரம் நின்ற வாஹித் பாஷா தலையை ஆட்டினார். லாசரின் முகம் செத்துவிட்டது. இல்லை என்று சொன்னால் அக்கா வீட்டுக்குச் சோறு போடாதவன் என்று அவனே ஒத்துக்கொண்டதாகும். போய்விடவும் முடியாது. உபதேசியார் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

சவுரியம்மாளே பரிமாறினாள். சோறு, கத்திரிக்காய், தயிரில் போட்ட வெங்காயம். நல்ல பசி எல்லாருக்கும். குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். ஒருத்தரும் பேசவில்லை. இலையில் கை படுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கரண்டியோடு நின்றவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முதல் பந்தி பாதி ஆயிற்று. இன்னும் ஒரு சொல் வரவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு சாப்பாடு நடந்ததே கிடையாது.

"எதுனா சொல்லுங்களேன்!"

எல்லாரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா? கத்திரிக்கா வேவலியா? புளி ஜாஸ்தியா? சோறு கொழைஞ்சி போச்சா? ஒரு கொறகூடவா இல்ல? யாராவது வாயத் தொறந்து சொல்லுங்களேன்!"

பூவம்மாள் அம்மாவின் கையைப் பிடிக்க வந்தாள். சவுரியம்மாள் உதறிவிட்டாள். உபதேசியார் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்தார். லாசர்தான், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னான்.

"நல்லா இருக்குதுக்கா."

அவன் இலையில் சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சவுரியம்மாள் குனிந்து அதன் மேல் ஒரு கரண்டி போட்டாள். அப்புறம் இன்னொரு கரண்டி. அவன் போதும் என்று சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.